முதலில் எடுத்தது

ஜனவரி முதல் தேதி வருஷப்பிறப்பு ஆராதனையில், பைபிள் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுப்பதற்கு முசரவாக்கம் சபையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எவர்சில்வர் தாம்பாளத்தில் அட்டைகளை வசனம் தெரியாதபடி கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். கண்ணை மூடி, மனசுக்குள் ஜெபித்து, கைக்கு வந்ததை எடுக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் உனக்கென்று சொல்லும் வார்த்தை அதுதான். வந்தது பிடிக்கவில்லை என்று திருப்பிப் போடுவது, பந்தியில் பரிமாறிய சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்து போவது மாதிரி. எப்பேர்ப்பட்ட அடங்காப்பிடாரியும் அதைச் செய்யமாட்டாள்.

பட்டம்மாள் செய்தாள்.

அவளைக் குறை சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின கார்த்திகையில்தான் அவளுடைய இளைய மகன் ஜான்சனுக்கு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சாதாரணக் கட்டி இல்லை, கெட்ட கட்டி. இருபத்தாறு வயசுப் பையன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவன், ஓடுகிற ஓட்டத்திலேயே இட்லியை வாயில் போட்டுக்கொண்டு போகிறவன். ஒரே மாதத்தில் பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டுக் கட்டும்படி ஆகிவிட்டான்.

வருஷப்பிறப்பு அன்று காலை அவனால் வரிசையில் நிற்க முடியவில்லை. சுவர் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முடியாதவர்களுக்கு வீட்டுக்காரர்கள் எடுப்பது வழக்கம் என்பதால், அவன் பேருக்குப் பட்டம்மாள்தான் கை போட்டாள். எடுத்து, திருப்பிப் பார்த்தாள். தண்ணீரைக் கடக்கும்போதும் நெருப்பில் நடக்கும்போதும் நான் உன் கூடவே இருப்பேன் என்கிற மாதிரி ஒரு வசனம் வந்திருந்தது.

நல்ல வசனம்தான். வேறொரு வருஷமாக இருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாள். ஆனால் பெற்ற பிள்ளை வயிற்றில் கட்டியோடு உட்கார்ந்திருக்கும்போது தண்ணீர் என்றும் நெருப்பு என்றும் வந்தால் எந்தத் தாய்க்கு வயிறு எரியாது? கூட இருப்பாராம். கூட இருந்து என்ன பண்ண? அவளுக்கு வேண்டியது கூட இருக்கிறவர் இல்லை, கட்டியைப் பிடுங்கிப் போடுகிறவர். பின்னால் நின்ற பாட்டுக்குழுப் பெண்கள் கண்மூடிப் பாடிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, அட்டையை மற்ற அட்டைகளுக்கு அடியில் செருகிவிட்டு வேறொன்றை எடுத்தாள். உன்னைச் சுகமாக்குவேன் என்று அதில் இருந்தது. ஓரத்தில் ரோஜாப்பூப் படம் வேறு.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று அவள் போட்ட சத்தத்தில் சபையே திரும்பிப் பார்த்தது. அவள் ஓடிப்போய் மகன் கையில் அட்டையைத் திணித்தாள். ஜான்சன் அட்டையைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தான்.

அன்றிலிருந்து அந்த அட்டைதான் அந்த வீட்டில் எல்லாம். லேமினேஷன் போட்டு அவன் கட்டிலுக்கு மேலே ஒட்டினாள். போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தாள். ஊசி போட்டுவிட்டு வந்து அவன் வாந்தி எடுத்தால் தலையைப் பிடித்துக்கொண்டே வசனத்தைச் சொல்லுவாள். வலியில் முனகினால் முனகலுக்கு மேலே சத்தம் போட்டுச் சொல்லுவாள். அவனுக்கென்று ஒரு வாய் இருக்கிறது, அதில் ஒரு பேச்சு இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

அவன் பேச வராமல் இல்லை. "எம்மா, ஒருவேள எனக்கு..." என்று எத்தனையோ தடவை ஆரம்பித்திருக்கிறான்.

"ஒருவேளயும் இல்ல, ரெண்டு வேளயும் இல்ல. வாய மூடுடா. அவிசுவாசமா பேசாத. மேல பாரு, இன்னா போட்டிருக்குதுன்னு."

அவன் மேலே பார்ப்பான். பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

புருஷன் முனிரத்தினம் பெயின்ட் அடிக்கிறவன். மகனுக்கு இப்படி என்று தெரிந்த நாளிலிருந்து கடை திறந்ததும் போய் நிற்க ஆரம்பித்திருந்தான். வீட்டுக்கு வரும்போது மகன் முகத்தைப் பார்க்காமல் படுத்துவிடும் அளவுக்குக் குடித்துவிட்டு வருவான். "புள்ள இப்படிக் கெடக்குறான், பாட்டில கட்டிக்கினு அழுவுறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று பட்டம்மாள் காறித் துப்புவாள். அவனுக்குப் பாட்டில், அவளுக்கு அட்டை. மகன் சொல்ல வருவதைக் கேட்காமல் இருப்பதற்கு ஆளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள் என்று அப்போது யார் எடுத்துச் சொல்வது? சொல்லியிருந்தால் விளக்குமாறுதான் பேசியிருக்கும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டம்மாள் ஜெபிக்கிற அழகு சபையில் பெயர்போனது. வீட்டில் "இன்னாயா", "வாயா" என்று பேசுகிறவள், கண்ணை மூடினால் போதும், "கிருபையுள்ள பரம தகப்பனே, உம்முடைய சமுகத்திலே தாழ்மையோடு வருகிறோம்" என்று அச்சடித்த மாதிரி கொட்டுவாள். கல்யாண வீடு, எழவு வீடு, எங்கேயும் "பட்டம்மா ஒரு ஜெபம் பண்ணட்டும்" என்பார்கள். அவளுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. ஆண்டவருக்கும் அந்தத் தமிழ்தான் புரியும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் ஊசிகள் ஒரு சுற்று முடிந்தன. ஸ்கேன் பார்த்த டாக்டர், கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, இப்போதைக்குப் பரவாயில்லை, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். பட்டம்மாள் காதில் "சுருங்கியிருக்கிறது" மட்டும் விழுந்தது. பஸ் ஏறி வீட்டுக்கு வருவதற்குள் சுருங்கினது கரைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் கரைந்தது காணாமலே போய்விட்டது.

சாட்சி சொல்லுகிற நேரம் வந்ததும் அவள் எழுந்தாள். ஜான்சன் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் போனாள். "எம்புள்ள வயித்துல கட்டின்னாங்க. ஆண்டவரு வருசப்பொறப்பு அன்னிக்கு வசனம் குடுத்தாரு. இன்னிக்கு அந்தக் கட்டி இல்ல! டாக்டரே அசந்துபோயிட்டாரு!" என்று மைக்கில் சொன்னாள். சபை கைதட்டியது. அல்லேலூயா என்று தகரக் கூரை அதிர்ந்தது. மகனின் கை தன் கைக்குள் நடுங்குவதை அவள் உணரத்தான் செய்தாள். அது பரிசுத்த ஆவியின் நடுக்கம் என்று வைத்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது சத்யப்ரியா கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். பக்கத்துத் தெருப் பெண். குழந்தைக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. "அண்ணா, ஆண்டவரு உன்ன தொட்டிருக்காரு. எம்புள்ள தலைல கை வெச்சி ஒரு ஜெபம் பண்ணுண்ணா. ஆபரேசன் இல்லாமலே சரியாவணும்ணா," என்று அழுதாள்.

ஜான்சனுக்கு முகம் வெளிறிவிட்டது. குழந்தையின் தலையை மெல்லத் தடவினான். "ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கினு போமா. டாக்டர் சொல்றதயும் கேளு," என்றான் தணிந்த குரலில்.

"இன்னாடா அவிசுவாசமா பேசுற?" என்று பட்டம்மாள் அவன் தோளில் இடித்தாள். அன்று சாயந்திரம் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். சபைக்கு முன்னால் நின்ற களைப்பு என்று அவள் சொல்லிக்கொண்டாள்.

ஆடியில் கட்டி திரும்பி வந்தது. திரும்பி வந்தது என்ன, அது எங்கேயும் போகவே இல்லை. ஆவணியில் டாக்டர் பட்டம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கம்மா, பிடித்ததைக் கொடுங்கள், வலிக்கு மாத்திரை தருகிறேன்," என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகனிடம், "மருந்து மாத்திக் குடுத்திருக்காரு. சீக்கிரம் சரியாயிடுமாம்," என்றாள். அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். சரிம்மா என்றான்.

அதற்கப்புறம் அவள் செய்ததுதான் பெரிய பாவம். சபைக்காரர்கள் யாரையும் வீட்டுக்குள் விடவில்லை. "தூங்கறான்", "டூட்டிக்குப் போயிருக்கான்", "அவங்க அண்ணன் வூட்டுல இருக்கான்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். பாஸ்டர் ஆனந்தகுமார் இரண்டு தடவை பைக்கில் வந்து, இரண்டு தடவையும் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். ஜெபம் பண்ண ஆள் உள்ளே வந்தால் கட்டி இருப்பது தெரிந்துவிடும். கட்டி தெரிந்தால் சாட்சி பொய்யாகிவிடும். சாட்சி பொய்யானால் அட்டை பொய்யாகிவிடும். அது பொய்யானால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? அப்படித்தான் அவள் புத்தி ஓடிற்று. பிள்ளை உள்ளே தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

பட்டம்மாள் சின்ன காஞ்சிபுரத்தில் கோதண்டபாணி வீட்டுத் தறிக்குத் தார் சுற்றுகிறவள். தார் என்றால் குறுக்கிழைக்கான ஊடைப் பட்டு சுற்றிய சின்னக் குழல், தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடாவுக்குள் அதைத்தான் போட்டு நெய்வது. ராட்டையில் சுற்றும்போது இழை அறுந்தால் நிறுத்தி, நுனி தேடி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மேலே சுற்ற வேண்டும். இருபது வருஷமாக அவள் கை தார் என்றால் கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டு நெய்வார்.

ஐப்பசியில் ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் தறிக்குழியில் இருந்து அவர் கத்தினார்.

"ஏம்மா பட்டம்மா! இன்னாம்மா சுத்தி வெச்சிருக்க? நெய்யறப்ப நடுவுல நடுவுல காணாம போவுது எழ! அறுந்தத அப்டியே வுட்டுட்டு மேலயே சுத்திக்கினு போயிருக்கியே!"

அவள் ராட்டையை நிறுத்தினாள்.

"நாலு தாரும் அப்டியே இருக்குது. அறுந்தா அறுந்துச்சுன்னு சொல்லு, முடி போடு, நான் பாத்துக்கறேன். மூடி வெச்சா இன்னா ஆவும்? சேலையில வந்து நிக்கும். எவ கண்ணுலயாவது மண்ணத் தூவ முடியுமா?" என்று கோபமாகச் சொன்னவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "உடம்பு சரியில்லியா? போ, வூட்டுக்குப் போ. மழ பெருசாவறதுக்குள்ள பஸ்ஸப் பிடி. நாளைக்கு வா," என்றார்.

அவள் எழுந்து வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து நனைந்துகொண்டே போனாள். இழை அறுந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வழக்கமாகப் பொழுது சாய்ந்துதான் அவள் வீடு திரும்புவாள். அன்று மூன்று மணிக்கே கதவைத் தள்ளியபோது கட்டில் காலியாக இருந்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது. பின்பக்கம் ஓடினாள்.

ஜான்சன் குளியல் மறைப்புக்குள் தரையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு பக்கெட். வாந்தியும் ரத்தமுமான போர்வையை அதற்குள் போட்டு, குச்சிக் கைகளால் கசக்கிக்கொண்டிருந்தான். கசக்கிற கையில் பலமே இல்லை. அம்மாவைப் பார்த்ததும் திருடனைப் போல முழித்தான்.

"இன்னாடா பண்ற கண்ணு? ஏன்டா எழுந்த?"

"ஒண்ணும் இல்லம்மா. நீ வர்றதுக்குள்ள கழுவிடலாம்னு..."

"நான் கழுவ மாட்டனா?"

"கழுவுவ. ஆனா பாத்தா வசனம் படிப்ப," என்றான் அவன். குத்திக்காட்டுகிற தொனியே இல்லை. சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். "என்னால கேக்க முடியலம்மா. தெனமும் இப்டித்தான் கழுவிட்டு, நீ வர்றதுக்குள்ள காய வெச்சி மடிச்சிடுவேன்."

பட்டம்மாள் அந்த ஈரத் தரையில் அவன் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். தினமும் அவள் ராட்டை சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் பிள்ளை தன் ரத்தத்தை அவளிடமிருந்து ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறான். மேலே தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

"எம்மா," என்றான் அவன். "ஒண்ணு கேக்கட்டா? திட்டக்கூடாது."

"கேளு."

"மொதல்ல எடுத்தியே, அதுல இன்னா போட்டிருந்துச்சு?"

"எது?"

"அட்ட. வருசப்பொறப்புக்கு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மொதல்ல இன்னா, கடைசில இன்னா? எடுத்ததே ஒண்ணுதான."

"எம்மா. நான் அங்கதான ஒக்காந்துக்கினு இருந்தேன். எடுத்த, படிச்ச, உன் மூஞ்சி ஒருமாதிரி ஆச்சு. அடியில சொருவிட்டு வேற எடுத்த. நான் பாத்தேன்."

அவள் போர்வையின் நுனியைப் பிடித்துக் கசக்க ஆரம்பித்தாள்.

"செத்துப்போயிடுவேன்னு போட்டிருந்துச்சா?" என்று கேட்டான்.

"ஐயோ! இல்லடா!"

"பொய் சொல்லாதம்மா. பத்து மாசமா அதையேதான் நெனச்சிக்கினு கெடக்குறேன். நீயே பயந்து திருப்பிப் போடற அளவுக்கு ஆண்டவரு எனக்கு அப்டி இன்னா சொன்னாருன்னு. நீ அந்த ரோஜாப்பூ அட்டையப் படிக்கும்போதெல்லாம், இது எனக்கு வந்தது இல்லியே, எனக்கு வந்தது வேறயாச்சேன்னு தோணும். என்மேல அவருக்கு இன்னா கோவம்னு தெரியலம்மா. நான் இன்னா பண்ணேன்னும் தெரியல."

பாவி, பாவி! பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளையை இன்னொரு பத்து மாதம் இப்படிப் போட்டு வாட்டியிருக்கிறாளே. நோய் ஒரு பக்கம் தின்றது என்றால், ஆண்டவரே தன்னைக் கைகழுவிவிட்டார் என்ற நினைப்பு இன்னொரு பக்கம் தின்றிருக்கிறது. அதை வைத்தது அவள் கை. பட்டம்மாள் தன் தலையில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டாள்.

"கோவம் இல்லடா! கோவமே இல்லடா கண்ணு! கூட இருப்பேன்னு போட்டிருந்துச்சுடா!"

"இன்னாது?"

"தண்ணியில போனாலும் நெருப்புல போனாலும் கூடவே இருப்பேன்னு. அவ்ளோதான்டா. சத்தியமா அவ்ளோதான் போட்டிருந்துச்சு."

ஜான்சன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதையா திருப்பிப் போட்ட?" என்றான்.

அவள் தலையசைத்தாள்.

அவன் அழ ஆரம்பித்தான். நோய் வந்த இத்தனை மாதத்தில் அம்மா எதிரில் அவன் அழுதது அதுதான் முதல் தடவை. சத்தம் போட்டு அழ வயிற்றில் பலம் இல்லாததால் வாயைத் திறந்துகொண்டு சத்தமில்லாமல் அழுதான். "எனக்கு பயமா இருக்குதும்மா," என்றான். "ரொம்ப பயமா இருக்குது. நான் பொழைக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். அத சொல்லத்தான் ஆள் இல்ல."

வசனம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இருபத்தாறு வயசுப் பிள்ளை, ஏழு வயசுப் பிள்ளை கனம்தான் இருந்தான். ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினாள். "கிருபையுள்ள பரம..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் போகவில்லை. மறுபடியும் ஆரம்பித்தாள். மறுபடியும் நின்றது. சபையே மெச்சிய அந்தத் தமிழில் ஒரு வார்த்தைகூட அவளுக்கு உதவிக்கு வரவில்லை.

"எப்பா," என்றாள் பட்டம்மாள்.

பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி, ரோட்டில் போகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லுகிற மாதிரி கூப்பிட்டாள்.

"எப்பா, எனக்கு பயமா கீதுபா. எம்புள்ள போறான்பா. நீ சொன்னத வேணாம்னு திருப்பிப் போட்டுட்டேன். தெரியாம பண்ணல, தெரிஞ்சேதான் பண்ணேன். எனக்கு நீ வேணாம், கட்டி போனா போதும்னு இருந்தேன். இப்ப கேக்குறேன்பா. அவன எடுத்துக்கினு போறதா இருந்தா தனியா இட்டுக்கினு போவாத. கூட இரு. என் கூடவும் இரு. வேற ஆரும் இல்லபா எங்களுக்கு, எப்பா..."

அதற்கு மேல் அழுகைதான். ஆமென் சொல்லக்கூட மறந்துவிட்டாள். மடியில் கிடந்தவன்தான் சொன்னான். சொல்லிவிட்டு, ஈரக் கண்ணோடு லேசாகச் சிரித்தான்.

"எப்பான்னு கூப்பிட்டியேம்மா அவர."

"வாயில அதான்டா வந்துச்சு."

"நல்லாதான் இருக்குது. இனிமே அப்டியே கூப்பிடு."

நிமிர்ந்து பார்த்தபோது முனிரத்தினம் மழையில் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தான். கடைக்குப் போகிற வழியில் குடைக்காகத் திரும்பி வந்தவன். எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது. சட்டைப்பையில் இருந்த ஈரப் பணத்தை எடுத்து மாடத்தில் வைத்துவிட்டு, பக்கெட்டைத் தன் பக்கம் இழுத்து, மகனின் போர்வையை அலச ஆரம்பித்தான். அன்றைக்கு அவன் கடைக்குப் போகவில்லை.

மறுநாள் பட்டம்மாள் தானாகவே போய் பாஸ்டரைக் கூட்டிவந்தாள். வாசலிலேயே, "நான் சொன்ன சாட்சி பொய் பாஸ்டர். கட்டி போகல. எம்புள்ள சாவப்போறான்," என்றாள். ஆனந்தகுமார் பாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஜான்சனின் காலடியில் உட்கார்ந்தார். அன்று அவர் பிரசங்கமும் பண்ணவில்லை, எண்ணெயும் பூசவில்லை. அவன் காலைப் பிடித்துவிட்டபடி வெகுநேரம் இருந்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் கதவு திறந்தே இருந்தது. ஆட்கள் வந்தார்கள். ஜான்சன் பேசினான். அடேயப்பா, எவ்வளவு பேச்சு வைத்திருந்தான்! தன் பைக்கை அண்ணன் விற்கக் கூடாது, ஓட்ட வேண்டும் என்றான். கம்பெனியில் ஒரு பெண்ணைப் பிடித்திருந்ததாகவும், அவளிடம் சொல்லாமலே விட்டது நல்லதாகப் போயிற்று என்றும் சொன்னான். "என்ன பொதைக்கும்போது அந்த கம்பெனி ஷூவ மட்டும் போடாதம்மா, கடிக்கும்," என்றான். பட்டம்மாள் சிரித்துக்கொண்டே அழுதாள். அவன் கேட்டபோதெல்லாம் முதலில் எடுத்த வசனத்தை அவள் சொன்னாள், அவளுக்கு நினைவிருந்த மட்டும், அவள் வாய்த் தமிழில். வலி தாங்காமல் போகும்போது மூன்று பேரும் "எப்பா, எப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டு கிடந்தார்கள். வலி குறையவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவன் அதற்கப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கவில்லை.

கார்த்திகை நடுவில் ஒரு காலை, அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது அவன் போய்விட்டான். பக்கத்தில் முனிரத்தினம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். வெறுங்காலோடுதான் அவனைப் புதைத்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கலைந்தபிறகு சத்யப்ரியா குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். முகம் கறுத்திருந்தது. "நல்லாயிட்டான்னு மைக்ல சொன்னியேம்மா," என்றாள். "அத நம்பி ஆபரேசன் தேதிய தள்ளிப் போட்டுட்டேன்மா."

"பொய் சொல்லிட்டேன்மா," என்றாள் பட்டம்மாள். "எம்மேல காறித்துப்பு. ஆனா புள்ளைய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ. அவனும் உங்கிட்ட அதத்தான சொன்னான்." சத்யப்ரியா துப்பவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வருஷப்பிறப்பு வந்தது. பட்டம்மாள் போகவேண்டாம் என்றுதான் இருந்தாள். முனிரத்தினம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். கல்யாணத்துக்கும் கிறிஸ்மஸுக்கும் தவிர சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதன் அவன்.

அதே தாம்பாளம், அதே பாட்டு. சுவர் ஓரமாக அதே பிளாஸ்டிக் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பட்டம்மாள் வரிசையில் நின்றாள். எப்பா, என்று உள்ளுக்குள் கூப்பிட்டுக்கொண்டாள். அவளுக்கு முன்னால் சத்யப்ரியா இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். பொங்கல் கழித்து சென்னையில் குழந்தைக்கு ஆபரேஷன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கண்ணை மூடி, உதடு துடிக்க, தாம்பாளத்தில் கை போட்டு ஒரு அட்டையை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

என்ன வசனம் வந்தது என்று பட்டம்மாளுக்குத் தெரியவில்லை. அந்த முகம்தான் தெரிந்தது. போன வருஷம் தன் முகமும் இப்படித்தான் போயிருக்கும். சத்யப்ரியா அக்கம்பக்கம் பார்த்தாள். அட்டை பிடித்த கை மெல்லத் தாம்பாளத்துக்குத் திரும்பியது.

பட்டம்மாள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"திருப்பிப் போடாதமா," என்றாள். "அதையே வெச்சிக்க."

சத்யப்ரியா திரும்பி அவளைப் பார்த்தாள். உதடு கோணியது. "எனக்கு பயமா இருக்குதும்மா," என்றாள்.

போன வருஷத்துப் பட்டம்மாளாக இருந்தால் அவிசுவாசம் என்று அதட்டியிருப்பாள். இவள் குழந்தையைத் தன் தோளுக்கு வாங்கிக்கொண்டாள். "எனக்கும்தான்மா," என்றாள். "வா, அவருகிட்டயே சொல்லலாம்."

பின்னால் நின்றவர்கள் வரிசை நகரவில்லை என்று முணுமுணுத்தார்கள். இரண்டு பேரும் தாம்பாளத்தின் முன்னாலேயே நின்று அழுதார்கள்.